சிலாப் கேட்டு என் வீட்டுக்காரர் எழுதாத கடிதம்

பவுனம்மாள்,
எண் 47, லோரோங் 9,
தாமான் செலாசே,
பண்டமாரான், கிள்ளான்.
14.8.1988

ஞாயிற்றுக்கிழமை வாசகர் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியர் ஐயா அவர்களுக்கு, பண்டமாரான் பவுனம்மாள் கைகூப்பி எழுதிக்கொள்வது. நீங்களும், உங்கள் வீட்டில் உள்ளவர்களும், உங்கள் அச்சுக்கூடத்தில் வேலை செய்பவர்களும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். நான் நலம். கடிதத்தை அப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள். அதற்கு மேல் நான் படிக்கவில்லை. அதனால் நலமில்லாதவர்கள் எப்படி ஆரம்பிப்பார்கள் என்று எனக்குத் தெரியாது.

ஐயா, போன ஜூலை பத்தாம் தேதி உங்கள் பக்கத்தில் 'விழித்தெழு சமுதாயமே!' என்று பெரிய எழுத்தில் தலைப்புப் போட்டு, பக்கத்தில் ஒரு போட்டோவும் போட்டு, அடியில் 'சபாபதி, பண்டமாரான்' என்று ஒரு கடிதம் வந்தது. உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்தப் போட்டோவில் இருப்பவர் என் வீட்டுக்காரர். அந்தக் கடிதத்தை அவர் எழுதவில்லை. அவர் ஜூலை இரண்டாம் தேதி சனிக்கிழமை காலமாகிவிட்டார். எழுதியவள் நான். இதை நீங்கள் பேப்பரில் திருத்திப் போட வேண்டும். அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம். ஒரு வரியில் கேட்டால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், நடந்ததை முழுசாக எழுதுங்கள் என்று நாகையா சொன்னான். நாகையா பக்கத்து வீடு. லோரி ஓட்டுகிறான். லோரி ஓட்டுபவர்களுக்கு ஊர் உலகம் தெரியும் என்பதால் எழுதுகிறேன்.

தப்பு என்னுடையதுதான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் போன மூன்றாம் நாள் நாகையா வந்து, "அக்கா, பதினேழாம் தேதி ஞாயித்துக்கிழமை பதினாறாம் நாள் வருது, பேப்பர்ல போட்டோ போட்டுப் போடணும், இல்லாட்டி சொந்தக்காரங்க சொல்லலைன்னு சொல்லுவாங்க" என்றான். சரி என்று உட்கார்ந்தேன். அதே நேரம் உங்கள் பக்கத்துக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்றும் மனசில் இருந்தது. வீட்டில் கோடு போட்ட தாள் ஒன்றுதான் இருந்தது. ஒரு பக்கத்தில் லொங்காங் சாக்கடை விஷயத்தை எழுதினேன். தாளைத் திருப்பி மறுபக்கத்தில் பதினாறாம் நாள் விஷயத்தை எழுதினேன். போட்டோவையும் வைத்து ஒரே உறையில் போட்டு ஒரே ஸ்டாம்பு ஒட்டி அனுப்பிவிட்டேன். மறுபக்கத்தில் நான் எழுதியது இவ்வளவுதான்: சபாபதி, எண் 47, பதினேழாம் தேதி ஞாயிறு காலை பத்து மணிக்கு எங்கள் இல்லத்தில் நடைபெறும், உற்றார் உறவினர் நண்பர்கள் திரளாக வந்து கலந்துகொள்ள வேண்டுகிறோம். என்ன நடைபெறும் என்று நான் எழுதவில்லை. கருமக்கிரியை என்ற சொல்லை எழுத அன்றைக்குக் கை வரவில்லை ஐயா. போட்டோவைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றும் நினைத்தேன். எனக்குத் தெரிந்து பேப்பரில் போட்டோவோடு வருகிறவர்கள் இரண்டே வகை, ஒன்று தலைவர்கள், இன்னொன்று இறந்து போனவர்கள். என் வீட்டுக்காரர் எந்தக் காலத்திலும் தலைவராக இருந்ததில்லை.

உங்கள் ஆபீசில் இரண்டு பக்கத்தையும் ஒரே கடிதமாக எடுத்துக்கொண்டீர்கள். அதில் ஞாயம் இருக்கிறது, தாள் ஒன்றுதானே. நான் எழுதியது ஏழு வரி. எங்க லோரோங் சந்தில் லொங்காங் மேலே போட்ட சிமெண்டு சிலாப் ஒண்ணு உடைஞ்சி உள்ளே விழுந்து ரெண்டு வருஷம் ஆகுது, பெரிய மழை பெய்தால் தண்ணி ரோடு மட்டத்துக்கு வந்து ரோடு எது லொங்காங் எதுன்னு தெரியலை, ஆளு விழறாங்க, ஒரு சிலாப் போட்டுக் கொடுங்க. இவ்வளவுதான். பேப்பரில் வந்தது நாற்பத்திரண்டு வரி. நாகையாவை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். வானளாவ உயரும் கட்டடங்கள் வருது, வறியோரின் கண்ணீர் வருது, உறங்கிக் கிடக்கும் சமுதாயம் வருது, முப்பத்தி ஒன்பதாம் வரியில்தான் சிலாப் வருது. கடைசியில், அனைவரும் பதினேழாம் தேதி காலை பத்து மணிக்கு எண் 47க்குத் திரண்டு வாரீர் என்று முடியுது. "நாகையா, நான் என்னதான்டா சொல்லியிருக்கேன்?" என்று கேட்டேன். அவன் இன்னொரு தடவை உள்ளுக்குள்ளேயே வாசித்துப் பார்த்துவிட்டு, "அக்கா, நீங்க ரொம்பக் கோவமா இருக்கீங்க" என்றான். அது சரிதான். உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்றுதான் தெரியவில்லை.

என் வீட்டுக்காரரைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும். இருபத்தெட்டு வருஷம் போர்ட்டில் மூட்டை இறக்கிற வேலை. ஆள் பார்க்க நல்ல உசரம், ஆனால் குரலே வெளியே வராது. கடையில் கொடுத்த டீ ஆறிப்போயிருந்தால்கூட ஆறிப்போச்சுன்னு சொல்ல மாட்டார், குடிச்சிட்டு, நல்லா இருக்கு பாஸ்னு சொல்லிட்டு வருவார். பஸ்ஸில் யாராச்சும் காலை மிதிச்சா இவர்தான் மன்னிப்புக் கேட்பார். ஆனால் ஞாயித்துக்கிழமை ஆனால் உங்கள் பேப்பர் வாங்கிட்டு வந்து, மற்ற பக்கம் எல்லாம் விட்டுட்டு, உங்கள் வாசகர் பக்கத்தைத்தான் எனக்கு வாசிச்சிக் காட்டுவார். அதை வாசிக்கும்போது மட்டும் குரல் நல்லா வரும். மற்றவங்க கோவத்தை அவர் சத்தமா வாசிப்பார். வாசிச்சி முடிச்சதும், "நம்ம சிலாப்பு விஷயத்தையும் ஒரு நாளைக்கு எழுதணும் பவுனு" என்பார். "எழுதுங்களேன்" என்பேன். "ஏன், யாரையாச்சும் குறை சொன்ன மாதிரி ஆயிடும்லா" என்பார். எழுத மாட்டார். அதுக்குப் பதிலா ஒரு உடைஞ்ச மொப்புக் கம்பில் என்னோட பழைய சிவப்பு ரவிக்கைத் துணியைக் கட்டி அந்த ஓட்டையில் நட்டு வைப்பார். மழை அடிச்சிக்கிட்டுப் போயிடும். மறுநாள் வேற கம்பு. ரெண்டு வருஷத்தில் எனக்கு ரவிக்கையே இல்லாமல் போச்சு. ஜூன் முப்பதாம் தேதி மத்தியானம் மூணு மணிக்கு நல்ல மழை, வேலை முடிஞ்சி மோட்டார் சைக்கிளில் வந்தார். கம்பு போயிருச்சு. லோரோங்கிலேயே அந்த ஓட்டை எங்கே இருக்குன்னு எல்லாரையும் விட நல்லாத் தெரிஞ்ச ஆள் அவர்தான், அவர்தான் விழுந்தார். ரெண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். அங்கேயும் ஒண்ணும் கேட்கலை.

இனிமேல் பேப்பரில் வந்த பிறகு நடந்ததைச் சொல்றேன். பத்தாம் தேதி காலையில் முதலில் வந்தது என் நாத்தனார், அவருக்கு அக்கா, இராஜம்மா அண்ணி. கையில் பேப்பர், கண்ணில் தண்ணி. "ஏண்டி பவுனு, என் தம்பி இவ்வளவு எழுதுவானா? ஒரு நாளும் சொன்னதில்லையே. ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டே எழுதினானா?" என்று கேட்டார்.

"அவர் எழுதலை அண்ணி. நான்தான் எழுதினேன்."

அண்ணி என்னைத் தலையிலிருந்து கால் வரைக்கும் ஒரு பார்வை பார்த்தார். "நீயா? வானளாவன்னா என்னான்னு சொல்லு பார்ப்போம்."

"தெரியாது அண்ணி."

"அப்புறம்?" என்றார். அதோடு முடிவாயிடுச்சு. அவர் எழுதினார்ங்கறது இப்போ எங்க குடும்பத்தில் எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம். அண்ணி அந்தப் பக்கத்தை வெட்டி பிரேம் போட்டு சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்காங்க. எனக்கும் ஒண்ணு கொடுத்தாங்க. அவர் போர்ட்டில் கூட வேலை செஞ்சவங்க நாலு பேர் வந்து, "அண்ணி, எங்களுக்குத் தெரியாமல் போச்சே, தெரிஞ்சிருந்தா கெண்டீன் சாப்பாட்டைப் பத்தி அண்ணன்கிட்ட சொல்லி எழுத வச்சிருப்போமே" என்று வருத்தப்பட்டாங்க. அவங்க நாலு பேரும் அவரைத் தூக்கிட்டுப் போனவங்க. அவர் இல்லாமல் போனதுக்கு மேல இது ஒரு வருத்தமா அவங்களுக்குச் சேர்ந்துக்கிச்சு.

பதினேழாம் தேதி ஞாயித்துக்கிழமை அண்ணி மகன் மொட்டை போட்டு உட்கார்ந்திருக்கான், பண்டாரம் பிண்டம் பிடிச்சி வச்சிட்டு மந்திரம் சொல்லிட்டு இருக்கார், சரியாப் பத்து மணிக்கு வாசலில் ரெண்டு வேன், பத்துப் பன்னிரண்டு மோட்டார் சைக்கிள். அம்பாங்கிலிருந்து கொஞ்சம் பேர், கம்போங் மேடானிலிருந்து கொஞ்சம் பேர், கிள்ளானிலிருந்து ஒரு இளைஞர் மன்றமே வந்திருக்கு, முப்பது முப்பத்தஞ்சு பேர் இருக்கும். ஆளுக்கு ஒரு சங்கோல், அதான் மண்வெட்டி, கூடவே வாளி. ஒருத்தர் தள்ளுவண்டியே கொண்டு வந்திருந்தார். நான் அவரோட தூரத்துச் சொந்தக்காரங்களோன்னு நினைச்சேன். கேதத்துக்கு சங்கோலோட வர்ற சொந்தம் எந்தப் பக்கத்துச் சொந்தம்னு யோசிச்சேன். கம்போங் மேடானிலிருந்து வந்த ஒரு தடிச்ச ஆள், கழுத்தில் விசில் தொங்குது, நேரா என்கிட்ட வந்து, "அக்கா, எங்கருந்து ஆரம்பிக்கலாம்?" என்றார்.

"கை கழுவிட்டு உட்காருங்க தம்பி, இப்போ முடிஞ்சிரும்" என்றேன்.

"இல்லக்கா, வேலைய முடிச்சிட்டுத்தான் சாப்பிடுவோம். சபாபதி அண்ணன் எங்கே? அவர் வந்து ஒரு வெட்டு வெட்டி ஆரம்பிச்சி வைக்கட்டும்லா."

திரும்பி உள்ளே பார்த்தேன். வந்தவரும் பார்த்தார். மாலை போட்ட போட்டோ, விளக்கு, மொட்டைத் தலையோட அண்ணி மகன். விசில்காரர் விசிலைக் கழட்டிச் சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கிட்டார். பின்னாடி நின்ன முப்பத்தஞ்சு பேரும் ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா சங்கோலைக் கீழே இறக்கினாங்க. அப்புறம் விசில்காரர், "எந்த இடம்க்கா?" என்று மெதுவாக் கேட்டார். காட்டினேன். "சரி, வந்தது வந்தாச்சு" என்று சொல்லிட்டு பேண்டைச் சுருட்டிக்கிட்டு இறங்கிட்டார். எல்லாரும் இறங்கிட்டாங்க. எங்க லோரோங் முனையிலிருந்து தாமான் வாசல் வரைக்கும் லொங்காங்கைத் தோண்டி எடுத்துட்டாங்க. என்னவெல்லாமோ வந்துச்சு. பிளாஸ்டிக் நாற்காலி, தேங்காய் மட்டை, யாரோ தொலைச்ச குழம்புச் சட்டி, சிவப்புத் துணி கட்டின கம்பு பதினொண்ணு. நான் எண்ணினேன். கடைசியில் ஒரு பையன் ஒத்தைக் கால் சப்பாத்தைத் தூக்கிக் காட்டி, "இது யாருதும்மா? தூக்கிப் போட்டுறவா?" என்றான். போர்ட்டில் கொடுத்த சப்பாத்து, இரும்பு மூக்கு வச்சது. "எங்க வீட்டுதுதான் தம்பி, கொடு" என்றேன். வாங்கிக் கழுவி வச்சுக்கிட்டேன். இன்னொன்று ஆஸ்பத்திரியில் கொடுத்தாங்க. இப்போ ஜோடி சேர்ந்திருச்சு. அறுபது பேருக்குச் சமைச்ச சாப்பாட்டை நூறு பேர் சாப்பிட்டாங்க. புஷ்பவல்லி, நாகையா சம்சாரம், வயித்துப் பிள்ளைக்காரி, ரெண்டாவது உலை வச்சாள். பண்டாரம் தன் காலத்தில் இவ்வளவு கூட்டத்தைப் பதினாறாம் நாளுக்குப் பார்த்ததில்லைன்னு சொல்லிட்டுப் போனார்.

சாப்பாட்டு நேரத்துக்குச் சரியா கிளைத் தலைவர் தம்புசாமி போட்டோ எடுக்கிற ஆளோட வந்தார். எங்க கட்சிக் கிளை, பெயர் வேண்டாம். "எங்கம்மா நம்ம போராளி?" என்றார். அவர் பதினாறு நாளைக்கு முன்னாடி இறந்துட்டார்னு நாகையா சொன்னான். தம்புசாமி அரை நிமிஷம் தலையைக் குனிஞ்சிட்டு நின்னார், அப்புறம் நிமிர்ந்து, "அதனால என்னம்மா, நம்ம செயற்குழுவில அவர் பேரைப் போட்டுடறேன். கூட்டத்துக்கு வர்றவங்க பாதிப் பேர் பேசறதே இல்லை" என்றார். யாரோ ஒருத்தர் கையிலிருந்து சங்கோலை வாங்கித் தோளில் வச்சிக்கிட்டு, மாலை போட்ட போட்டோவுக்குப் பக்கத்தில் நின்னு படம் எடுத்துக்கிட்டார். மறுநாள் இன்னொரு பேப்பரில் படம் வந்துச்சு. 'கிளைத் தலைவர் தம்புசாமி தலைமையில், திரு. சபாபதி முன்னிலையில் மாபெரும் கோத்தோங் ரோயோங் துப்புரவுப் பணி.' முன்னிலையில் என்று போட்டது பொய் என்று சொல்ல முடியாது, போட்டோ அங்கேதான் இருந்தது.

அடுத்த ஞாயிறு உங்கள் பக்கத்தில் பிரிக்பீல்ட்ஸிலிருந்து ராதாகிருஷ்ணன் என்கிற ஓய்வு பெற்ற ரயில்வே கிளார்க் ஒருத்தர் எழுதியிருந்தார். சபாபதிக்கு என் கண்டனம் என்று தலைப்பு. வெள்ளைக்காரன் காலத்தில் லொங்காங் கண்ணாடி மாதிரி இருந்துச்சாம், குப்பை போடுகிறவன் தன் முதுகைப் பார்க்கணுமாம். அதுக்கு அடுத்த ஞாயிறு மறுபடியும் எழுதினார். 'ஒரு வாரமாகியும் சபாபதி வாய் திறக்காதது ஏன்? பதில் இல்லையா, அல்லது கோழைத்தனமா?' நான் அந்தப் பேப்பரைப் போட்டோவுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் வச்சிருந்தேன். அவர் வாய் திறக்கலை. அவர் இருந்திருந்தாலும் திறந்திருக்க மாட்டார், ராதாகிருஷ்ணன் சொல்றதிலும் நியாயம் இருக்குலான்னு சொல்லியிருப்பார். இதைத் தவிர வீட்டுக்குப் பத்தொன்பது கடிதம் அவர் பேரில் வந்திருக்கு. பஸ் நிக்கறதில்லை, தண்ணிக் குழாய் வரலை, பக்கத்து வீட்டுக்காரன் சேவல் கூவுது, ஐயா நீங்கள்தான் எழுத வேண்டும், உங்கள் எழுத்தில் நெருப்பு இருக்கிறதுன்னு எழுதியிருக்காங்க. உயிரோட இருந்த ஐம்பத்தி நாலு வருஷத்தில் அவருக்கு மொத்தமா இத்தனை கடிதம் வந்ததில்லை. தபால்காரர், "என்னக்கா, அண்ணன் பிஸியாயிட்டார்" என்கிறார். அவர் புதுத் தபால்காரர்.

எழுதினா இப்படியெல்லாம் நடக்கும்னு எனக்குத் தெரியாது ஐயா. நான் நினைச்சது, எழுதினா சிலாப் வரும், இல்லாட்டி வராது, இந்த ரெண்டில் ஒண்ணுதான் நடக்கும்னு. ஏழு வரி எழுதினேன், ஊரே வந்துச்சு, திட்டினாங்க, புகழ்ந்தாங்க, படம் எடுத்தாங்க, சாப்பிட்டுப் போனாங்க. எல்லாம் வந்துச்சு, சிலாப் மட்டும் வரலை. சுத்தம் பண்ணின பிறகு ஓட்டை இன்னும் ஆழமாத் தெரியுது.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் நகராண்மைக் கழகத்திலிருந்து மலாயில் ஒரு கடிதம். என்சிக், அதாவது திரு. சபாபதி தன்னுடைய புகாரை உறுதிப்படுத்த ஐ.சி. அடையாளக் கார்டோடு நேரில் வர வேண்டும், வந்தால் சிலாப்புக்கு ஏற்பாடு செய்யப்படும்னு நாகையா படிச்சிச் சொன்னான். நான் மரணப் பத்திரத்தைப் பையில் வச்சிக்கிட்டு ரெண்டு பஸ் மாறிப் போனேன். கவுண்டரில் ஒரு மலாய்க்காரப் பொண்ணு, என் மகள் வயசு இருக்கும், எனக்கு மகள் இருந்திருந்தா. "புகார் பண்ணினவர் பேர்?" என்று கேட்டாள். ஐயா, நான் வாக்கப்பட்ட இந்த முப்பத்தோரு வருஷத்தில் அவர் பேரை வாயால் சொன்னதில்லை. எங்க பழக்கம் அப்படி. எங்கே போனாலும் பக்கத்தில் இருக்கிறவங்க சொல்லிடுவாங்க. அன்னைக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. கடிதத்தில் இருந்த பேரை விரலால் தொட்டுக் காட்டினேன். அவள் இன்னும் சத்தமா, காது கேட்காதவங்ககிட்ட கேட்கிற மாதிரி, "பேர் என்ன மக்சிக்?" என்றாள். மறுபடியும் தொட்டுக் காட்டினேன். நாலாவது தடவை அவளே வாசிச்சிட்டாள். பிறகு நடந்த பேச்சு மலாயில், நான் தமிழில் எழுதறேன்.

"அவர் எங்கே? அவர்தான் வரணும்."

"அவர் வர முடியாது."

"உடம்பு சரியில்லையா? சரியானதும் வரட்டும்."

நான் பையை இறுக்கிப் பிடிச்சிக்கிட்டு, "சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்கிறேன். புகார் பண்ணினவங்க இறந்துட்டா நீங்க என்ன பண்ணுவீங்க?" என்றேன்.

"ஃபைலை மூடிடுவோம்."

"அப்போ சிலாப்?"

"ஃபைல் இல்லாம சிலாப் எப்படி வரும் மக்சிக்?"

மரணப் பத்திரம் பையிலேயே இருந்துச்சு. ஜிப்பை இழுத்து மூடிட்டேன். "இதையே என் பேருக்கு மாத்திக் கொடுக்க முடியுமா?" என்றேன். அவள் ஃபைலைத் திறந்து காட்டினாள். உங்கள் பேப்பர் கட்டிங், அதுக்குப் பின்னாடி தம்புசாமி சங்கோலோட நிக்கிற கட்டிங். "ரெண்டு பேப்பர்லயும் அவர் பேர்தான் இருக்கு. பேப்பர்ல திருத்திப் போட்டா அந்தக் கட்டிங்கைக் கொண்டாங்க, மாத்திடறேன். இல்லாட்டி நீங்க புதுசா எழுதிக் கொடுங்க, வரிசையில ஆறு மாசம் ஆகும்" என்றாள். நல்ல பொண்ணு, கோவப்படலை. அவர் பிறகு வருவார்னு சொல்லிட்டு வந்துட்டேன். அது நான் சொன்ன பொய். உங்களுக்கு எழுதும்போது அதையும் மறைக்கக் கூடாதுன்னு எழுதறேன்.

அதனால்தான் ஐயா உங்களைக் கேட்கிறேன். ஆறு மாசம் காத்திருக்க முடியாது, மழைக்காலம் நவம்பரிலேயே வந்துடும். புஷ்பவல்லிக்கு அடுத்த மாசம் நாள் கொடுத்திருக்காங்க, கிளினிக்குக்குப் போக தினம் அந்த ஓட்டையைத் தாண்டித்தான் பஸ்ஸுக்குப் போறாள். நானும் கம்பு நட்டு வைக்கிறேன், ஆனால் கட்ட என்கிட்ட சிவப்புத் துணி இல்லை, வெள்ளைத் துணிதான் இருக்கு. மழையில் வெள்ளை தெரியறதில்லை. ஆகவே தாங்கள் தயவு செய்து, அந்தக் கடிதத்தை எழுதியது சபாபதி இல்லை, அவர் இறந்துவிட்டார், எழுதியது அவர் மனைவி பவுனம்மாள் என்று அடுத்த ஞாயிறு கட்டாயம் போட வேண்டும். போட்டோ போட வேண்டாம். வானளாவ எதுவும் வேண்டாம். பிரிக்பீல்ட்ஸ் ராதாகிருஷ்ணன் அவர்களுக்கும் அதிலேயே பதில் கிடைத்துவிடும். இனிமேல் நான் பேப்பருக்கு எழுதப் போவதில்லை, இது எனக்குத் தோதுப்படாத வேலை என்று தெரிந்துகொண்டேன்.

எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். நீங்களும் உங்கள் வீட்டம்மாவும் நீண்ட ஆயுளோடு, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே, நடக்கிற பாதையில் ஒரு பள்ளமும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று பத்துமலையானை வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பவுனம்மாள்

பின்குறிப்பு. 18.8.88, வியாழக்கிழமை.

ஐயா, ஸ்டாம்பு வாங்க மறந்து இந்தக் கடிதம் நாலு நாள் அலமாரி மேலேயே கிடந்துவிட்டது. அதுவும் நல்லதுக்குத்தான். இன்று காலை பத்தரைக்கு நகராண்மைக் கழக லோரி வந்தது. ஆறு பேர் சேர்ந்து புது சிலாப்பை இறக்கி, ஓட்டையை மூடி, ஓரமெல்லாம் சிமெண்டு பூசிவிட்டார்கள். நான் நட்ட கம்பைப் பிடுங்கி என் கையில் கொடுத்தார்கள். கூட வந்த காக்கிச் சட்டைக்காரர், "என்சிக் சபாபதி இருக்காரா?" என்று எட்டிப் பார்த்தார். வெளியே போயிருக்கார் என்றேன். அவர் முகத்தில் ஒரு நிம்மதி. "வந்ததும் சொல்லுங்க மக்சிக், ஐ.சி.யெல்லாம் வேண்டாம்னு எங்க பெரிய ஆபீசரே சொல்லிட்டார். சிலாப் போட்டாச்சு. இனிமே தயவு செஞ்சி பேப்பருக்கு எழுத வேண்டாம், ஆளுங்களைக் கூட்ட வேண்டாம், ஏதாச்சும்னா நேரா எங்ககிட்ட சொல்லட்டும். அவர் பேரைக் கேட்டாலே ஆபீசர் தலையில கை வச்சிக்கிறார்" என்றார். டீ ஆறிப்போச்சுன்னு சொல்லப் பயந்த மனுஷன் ஐயா.

அப்புறம் ஒரு ஃபாரத்தை நீட்டி, யார் வீட்டுக்கு சிலாப் போட்டோம்னு எழுதணும், வீட்டுக்காரர் முழுப் பேரைச் சொல்லுங்க என்றார். நாகையா வேலைக்குப் போயிருந்தான். புஷ்பவல்லி கிளினிக்கில். சுத்தி யாரும் இல்லை. காக்கிச் சட்டைக்காரர் பேனாவைப் பிடிச்சிக்கிட்டு நின்னார். நான் சொன்னேன். வாய்விட்டு, சத்தமாச் சொன்னேன். சபாபதி. அவருக்கு சரியாக் கேட்கலை போல, இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். இன்னொரு தடவையும் சொன்னேன். நல்லா இருந்துச்சு.

ஆகையால் மேலே நான் கேட்டுக்கொண்ட எதையும் போட வேண்டாம். அவர் இறந்துவிட்டார் என்று போடவே வேண்டாம். லோரோங் 12இல் பாலர் பள்ளி வாசலில் இன்னொரு சிலாப் ஆடிக்கொண்டிருக்கிறது, சின்னப் பிள்ளைகள் அதன்மேல் குதிக்கிறார்கள். அதைப் பற்றி ஏழு வரி தனித் தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன், இந்தத் தடவை ஒரு பக்கம் மட்டும்தான். நீங்கள் வழக்கம்போல் நாற்பத்திரண்டு வரி ஆக்கிக்கொள்ளுங்கள். வானளாவ வேண்டும். ராதாகிருஷ்ணன் அவர்களுக்கு, சபாபதி வாய் திறந்துவிட்டார் என்று மட்டும் போடுங்கள். அடியில் அவர் பேரையே போட்டிருக்கிறேன். போட்டோ போன தடவை அனுப்பியது உங்களிடமே இருக்கும், திருப்பி அனுப்ப வேண்டாம். அதில் அவர் நன்றாக இருப்பார்.